கரும்பொருளும் ஒரு லாமும்

போன வாரம் பிரவீன் போன் செய்தான். அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் தமிழ்ச் செய்தித் தொடர்பாளராக இருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு, என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். நல்ல பிள்ளை. சந்தேகம் என்றால் கூச்சப்படாமல் கேட்பான். அதுவும் நான் சமைக்கிற நேரமாகப் பார்த்துக் கேட்பான்.

“மேடம், இப்பல்லாம் பத்திரிகைக்குக் குடுக்குற செய்திய கம்ப்யூட்டரே தமிழ்ல எழுதிக் குடுத்துடுது. தமிழ் சூப்பரா இருக்கு. ஒரே ஒரு சிக்கல். ‘இருக்கலாம்’னு வர வேண்டிய எடத்துல எல்லாம் ‘இருக்கிறது’ன்னு போட்டுடுது. மாத்தணுமா, அப்படியே விட்டுடலாமா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் தோசைக்கல்லில் கிடந்த வஞ்சிரத் துண்டு கருகிப்போனது.

“டேய் தம்பி, அந்த ஆபீஸ்ல காலமெல்லாம் நான் சம்பளம் வாங்குனதே அந்த லாமுக்குத்தான்டா. விட்டுடலாமான்னு கேக்குறியே, அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு லாம் உக்காந்திருக்கு. அதுக்காவது மரியாதை குடு” என்றேன்.

அவன் சிரித்தான். “இதெல்லாம் எழுதி வைங்க மேடம், எங்களுக்கு உதவும்” என்றான். மீனும் போயிற்று, பொழுதாவது உருப்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் படித்தது தமிழ் எம்.ஏ. தி.நகரில் ஒரு பாடநூல் பதிப்பகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒற்று மிகுமா மிகாதா என்று பக்கத்து மேஜைக்காரரோடு சண்டை போட்டே என் இளமை கழிந்தது. பிறகு இந்த வேலைக்கு விளம்பரம் வந்தது, மனுப் போட்டேன், கூப்பிட்டார்கள். நேர்முகத் தேர்வில் நடுவில் உட்கார்ந்திருந்தவர் சாரநாதன் சார். மயிலாப்பூர்க்காரர், இயற்பியல் பேராசிரியர், பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே டைரக்டர் ஆனவர். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “கரும்பொருள்னா என்னன்னு தெரியுமோ?”

“கரும்புலேருந்து எடுக்குற பொருளா சார்? வெல்லமா?” என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார். “இருக்கலாம். அது என்னன்னு இன்னும் ஒருத்தருக்கும் தெரியலை. வெல்லம் இல்லேன்னு நான் எப்படி அடிச்சுச் சொல்றது?” என்றார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இப்படி ஒரு மனிதரிடம் வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

கரும்பொருள் வெல்லம் அல்ல என்பதைப் போகப் போகத் தெரிந்துகொண்டேன். நம் பால்வெளி மண்டலத்தில் கண்ணுக்குத் தெரிகிற விண்மீன், தூசி, வாயு எல்லாவற்றையும் கூட்டினாலும், அது சுற்றுகிற வேகத்துக்குத் தேவையான எடை தேறாது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குத்தான் கரும்பொருள் என்று பெயர். உண்மையில் அது கறுப்பும் இல்லை. ஒளியோடு எந்தச் சங்காத்தமும் வைத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். இது ஒரு புறம். இன்னொரு புறம், விண்வெளியில் சுற்றும் ஒரு தொலைநோக்கி, பால்வெளியின் மையத்திலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காமாக் கதிர் வருவதாகக் காட்டுகிறது. இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போடுவதுதான் சாரின் வாழ்நாள் ஆசை. கரும்பொருள் துகள்கள் இரண்டு மோதினால் இரண்டுமே அழிந்துவிடும். அந்த அழிவில் காமாக் கதிர் பிறக்கும். பால்வெளியின் மையத்தில் துகள் கூட்டம் அதிகம், ஆகவே மோதலும் அதிகம், ஒளியும் அதிகம் என்பது அவர் கட்சி.

எனக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. ஆதம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் முதல் மாடிக்காரரும் இரண்டாம் மாடிக்காரரும் கார் நிறுத்தும் இடத்துக்காகக் கேஸ் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு பேருமே வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். வக்கீல் வீட்டில்தான் இப்போது வெளிச்சம்.

இந்த அழிவுக்கு என்ன தமிழ் போடுவது என்று ஒரு முழு நாள் பேசினோம். சாருக்கு ‘சம்ஹாரம்’ மேல் ஒரு கண். “சம்ஹாரம்னா ஒருத்தர் ஜெயிக்கிறாரு, ஒருத்தர் சாவுறாரு சார். இங்க ரெண்டு பேரும் காலி” என்றேன். மனமில்லாமல் ‘ஒன்றையொன்று அழித்தல்’ என்பதற்கு ஒப்புக்கொண்டார்.

எங்கள் வேலை முறை பின்வருமாறு. விஞ்ஞானி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதுவார். நான் அதைப் பத்திரிகைகளுக்கான தமிழ்ச் செய்தியாக மாற்றுவேன். பிறகு சார் படித்துப் பார்க்க வேண்டும். அவர் வாக்கியத்தை முதலிலிருந்து படிக்கவே மாட்டார். நேரே கடைசிச் சொல்லுக்குப் போவார். வினைமுற்று மட்டும்தான் அவருக்கு முக்கியம். பென்சில் முனையை அதன்மேல் வைத்துக்கொண்டு, காபி டம்ளரை டபராவில் சுற்றியபடி, “ஸ்டெல்லா, இது எத்தனை பர்சென்ட்?” என்பார்.

‘இருக்கிறது’ என்றால் நூறு. அது எங்கள் ஆபீஸில் சூரியனுக்கும் கேன்டீன் கடனுக்கும் மட்டுமே அனுமதிக்கப்பட்ட சொல். ‘இருக்கக்கூடும்’ என்றால் பாதிக்கு மேல். ‘இருக்கலாம்’ என்றால் பாதிக்குக் கீழே. ‘இருக்கலாம் எனத் தோன்றுகிறது’ என்றால் எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை. ‘இருக்காது என்று சொல்வதற்கில்லை’ என்றால் மத்திய அரசிடம் நிதி கேட்கப்போகிறோம் என்று பொருள். ஒரு பக்கச் செய்தியில் இப்படி எடை போட்டு முடிப்பதற்குள் காபி மூன்று முறை வந்துவிடும். உலகத்தில் எந்த நகைக்கடையிலும் இவ்வளவு துல்லியமாக நிறுத்திருக்க மாட்டார்கள். சிரிப்பாக இருந்தாலும் எனக்கு அது பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத ஓர் இடத்தில் வேலை பார்க்கிறோம் என்ற கர்வம் இருந்தது.

சாருடைய இன்னொரு லாம் வேறு ரகம். கதவைத் தட்டி “உள்ளே வரலாமா சார்?” என்று கேட்டால் “வரலாம்” என்பார். அந்தக் குரலை வைத்து அது அனுமதியா, அல்லது வருவதற்கான வாய்ப்பு இருக்கிறது என்று கணிக்கிறாரா என்றே சொல்ல முடியாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். மூன்றாவது ரகம்தான் பொல்லாதது. லீவு கேட்டால், பதவி உயர்வு கேட்டால், அறைக்கு மின்விசிறி கேட்டால் ஒரே பதில்: “பாக்கலாம்.” சென்னையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பாக்கலாம் என்றால் நடக்காது. ‘கண்டிப்பா பாக்கலாம்’ என்றால் இனிமேல் இந்தப் பக்கம் வராதே.

இந்த மூன்றாவது லாமில் மாட்டிக்கொண்டவள் ஷபானா.

அவள் ராயப்பேட்டைப் பெண். அவளுடைய அத்தா அங்கே படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். சாரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மதியம் சாப்பாட்டு அறையில் என் மீன்குழம்பும் அவள் வீட்டுத் தாளிச்சாவும் இடம் மாறும். அப்படிப் பழக்கம். எனக்குப் பணிக்காலத்தின் கடைசி வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அவள் சாப்பிடாமல் டப்பாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, நோன்பா?”

“இல்ல மேடம். என் கணக்கு முடிஞ்சிருச்சு. சார் சொல்ற மாதிரி வரல.”

“வேற எப்படி வருது?”

“நீங்க பெசன்ட் நகர் சர்ச்சுக்குப் போறவங்கதானே? சாயங்காலம் தூரத்துலேருந்து பீச்சப் பாருங்க. ஒரே மொழுக்குன்னு ஒரு வெளிச்சம் தெரியும். கிட்டப் போனா என்ன? பஜ்ஜிக் கடைக்கு ஒரு பல்பு, சுண்டல்காரருக்கு ஒரு பல்பு, எல்லாம் தனித்தனி. கரும்பொருள் அழிஞ்சு வர்ற ஒளின்னா மொழுக்குன்னு இருக்கணும் மேடம். எனக்கு வர்றது புள்ளி புள்ளியா வருது. பல்பு மாதிரி. வேகமாச் சுத்துற செத்த விண்மீன்கள் நிறைய அங்க இருந்தா இப்படித்தான் தெரியும். அதுவா இருக்கலாம்.”

“சார்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ஆய்வேட்டை சமர்ப்பிக்கலாமா சார்னு கேட்டேன். பாக்கலாம்னுட்டார்.”

இந்தப் பாக்கலாம் அவளுக்குக் கட்டுப்படியாகாது. ஏனென்றால் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சமர்ப்பிக்க வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும். வழிகாட்டி பாக்கலாம் என்கிறார். வீட்டில் அத்தா தினமும் கேட்கிறாராம், “இன்னாம்மா, அது கீதா இல்லியா? இல்லாததையா இத்தினி வருசமா தேடிக்கினு இருந்தே?” என்று.

நான் சாரிடம் பேசட்டுமா என்றேன். “வேணாம் மேடம். சிபாரிசுல வந்த முடிவுன்னு ஆயிடும்” என்றாள். ரோஷக்காரி.

சார் ஒன்றும் கெட்டவர் இல்லை. அதே சமயத்தில்தான் அவருடைய கட்டுரையும் வெளியாகியிருந்தது. வாழ்நாள் ஆசை அச்சில் வந்திருக்கும்போது, சொந்த மாணவி வந்து பஜ்ஜிக் கடை பல்பு என்றால் யாருக்குத்தான் இனிக்கும்? அந்தக் கட்டுரைக்கு நான் எழுதிய செய்தியின் தலைப்பு: ‘பால்வெளி மையத்துக் காமா ஒளி: கரும்பொருள் காரணமாக இருக்கலாம்.’ வழக்கம்போலப் பென்சில், டபரா, மூன்று காபி, எல்லாம் முடிந்து ‘இருக்கலாம்’ என்று நிறுத்து அனுப்பினோம்.

மறுநாள் ஒரு நாளிதழில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘காமா ஒளிக்குக் கரும்பொருளே காரணம்! சென்னை விஞ்ஞானி சாதனை.’

அவர்கள் எடுத்தது ஓர் இருக்கலாம். சேர்த்தது ஓர் ஏகாரம். கரும்பொருளே! அந்த ‘ஏ’ மட்டும் கையில் கிடைத்திருந்தால் கழுத்தைத் திருகியிருப்பேன். உதவி ஆசிரியருக்குப் போன் போட்டேன்.

“மேடம், இருக்கலாம்னு போட்டா எவன் மேடம் படிப்பான்? இடமும் பத்தல. மறுப்பு வேணும்னா உங்க டைரக்டர் கையெழுத்தோட அனுப்புங்க, போட்டுடறோம்” என்றார் அவர்.

மறுப்பைத் தட்டச்சு செய்துகொண்டு சாரின் அறைக்குப் போனேன். அவர் மேஜைமேல் அந்த நாளிதழ் விரித்திருந்தது. பக்கத்தில் இன்னும் நாலு பிரதி. டபராவில் காபி ஆறிப்போயிருந்தது.

“லாம் போச்சு சார். கையெழுத்துப் போட்டா உடனே அனுப்பிடுறேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “பாக்கலாம், ஸ்டெல்லா” என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனிதருக்கு அந்த ஏகாரம் பிடித்துவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டவருக்கு யாரோ ஒரு ஜாங்கிரியை ஊட்டிவிட்டார்கள்.

பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. தி.நகர் கடை ஒன்றிலிருந்து, ‘கரும்பொருள் கருகமணி’ என்று ஒரு மாலை போடப்போகிறோம், காமாக் கதிர் அண்டாது என்று உங்கள் நிறுவனம் சான்றிதழ் தருமா என்று கேட்டார்கள். பெசன்ட் நகரில் காலை நடைக்குப் போகும் பெரியவர்கள் குழுவாக வந்து, சூரிய உதயத்துக்கு முன்னால் நடந்தால் பால்வெளி தாக்குமா என்று விசாரித்தார்கள். சர்ச் வாசலில் பிலோமினா அக்கா என்னைத் தனியே இழுத்துப்போய், “ஸ்டெல்லா, கரும்பொருள்னா செய்வினைதானே? உங்க ஆபீஸ்ல தைரியமா சொல்லிட்டாங்களே” என்றாள். முத்தாய்ப்பாக, மயிலாப்பூர் சபா ஒன்று சாருக்குப் பட்டமளிப்பு விழா அறிவித்தது. பட்டம்: ‘கரும்பொருள் கண்ட கோமான்.’

கரும்பொருளைக் காண முடியாது என்பதுதான் அதன் ஒரே தகுதி. அதை யார் போய்ச் சபாவில் சொல்வது?

மேடைப் பேச்சை எழுதும் வேலை எனக்கு வந்தது. சார் பேச்சு வழக்கில் வெளுத்து வாங்குவார். ஆனால் எழுத்துத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். பெரிய எழுத்தில் அடித்துத் தர வேண்டும். நான் எழுதிக்கொண்டு போனதில் பென்சில் நேரே கடைசிச் சொல்லுக்குப் போயிற்று.

“இருக்கலாம் வேண்டாம் ஸ்டெல்லா.”

“சார்?”

“சபைல பெரியவாள்ளாம் வரா. பொன்னாடை போத்தறா. அங்க போய் நின்னுண்டு லாம் லாம்னு இழுத்தா அசிங்கமா இருக்காதோ? ‘கரும்பொருளே காரணம்’னு போடுங்கோ.”

“அது எத்தனை பர்சென்ட் சார்?” என்று நான் கேட்டேன். அத்தனை வருஷமும் அவர் என்னைக் கேட்ட கேள்வி. முதல் முறையாக நான் கேட்டேன்.

அவர் பென்சிலை மேஜையில் உருட்டினார். பக்கத்தில் பொன்னாடை விஷயமாக வந்திருந்த சபா காரியதரிசி, “அதுக்கப்புறம் ஒரு ‘ஆம்’ போடுங்கோம்மா. ‘கரும்பொருளே காரணம். ஆம், கரும்பொருளே காரணம்!’ இப்படி ரெண்டு தரம் சொன்னா கைதட்டல் தன்னால விழும். எங்க சபால எல்லாப் பெரிய பேச்சாளரும் ஆம் போடுவா” என்றார்.

“போடுங்கோ” என்றார் சார்.

போட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. ஒரு வெற்று ஆம்முக்காக ஒரு பெண்ணின் பிழைப்பு போகப்போகிறது. மேடையில் ஊரறியக் ‘காரணம்’ என்று சொல்லிவிட்டவர், அடுத்த நாள் ‘இல்லாமலும் இருக்கலாம்’ என்கிற ஆய்வேட்டில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? போடவே மாட்டார். மாதக் கடைசிக்கு விழா முடிந்து ஒரு வாரம்கூட இல்லை.

விழா அன்று மாலை நானும் சாரும் ஆபீஸ் காரில் மயிலாப்பூர் போனோம். டிரைவர் தேவா நெடுநாளாக எங்களோடு இருப்பவன். வாய் சும்மா இருக்காது. அடையாறு பாலம் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டான்.

“இன்னா சார், அந்த வெளிச்சத்துக்குக் கரும்பொருள்தான் காரணமாமே? ஸ்டாண்டுல பசங்க பேசிக்கினு இருந்தானுங்கோ. மெய்யாலுமா சார்?”

“இருக்கலாம்” என்றார் சார். பழக்க தோஷம்.

“அட இன்னா சார், நீங்களே லாம்ன்றீங்கோ? பேப்பர்காரன் அடிச்சுச் சொல்றான்!”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மந்தைவெளி வரை துடைத்துக்கொண்டே வந்தார். “சார், இப்பவும் நேரம் இருக்கு, பேனா வச்சிருக்கேன்” என்றேன். “சித்த சும்மா இருங்கோளேன் ஸ்டெல்லா” என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

சபாவில் நல்ல கூட்டம். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். பூமாலை, சாரின் படம், அதன்கீழ் ‘கருப்பொருள் கண்ட கோமான்.’ கரும்பொருளில் இருந்த ‘ம்’ அச்சகத்திலேயே ‘ப்’ ஆகியிருந்தது. ஏதோ மேடைப் பேச்சுக்குத் தலைப்புத் தேடிக் கண்டுபிடித்தவரைப் பாராட்டுவது மாதிரி இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. பிழை திருத்தி வளர்ந்த எனக்கு மட்டும் உடம்பெல்லாம் அரித்தது. மூன்றாவது வரிசையில் ஆராய்ச்சி மாணவர்களெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று டைரக்டர் அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. ஷபானாவும் இருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னாடை போர்த்தினார்கள். சார் காகிதத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். பால்வெளி, தொலைநோக்கி, எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அந்த இடம் வந்தது. சார் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். மூன்றாவது வரிசையையும் பார்த்தார். மறுபடி காகிதத்துக்குக் குனிந்தார். அவசரமாக, மூச்சு விடாமல் வாசித்தார்.

“அந்த ஒளிக்குக் கரும்பொருளே காரணமாம்...”

முற்றுப்புள்ளியை விழுங்கிவிட்டார். காரணம், ஆம் என்று நிறுத்த வேண்டியது, ஒட்டிக்கொண்டு காரணமாம் ஆகிவிட்டது. யாரோ சொன்னார்கள், எனக்கென்ன தெரியும் என்று ஊர் வம்பு பேசுகிற மாதிரி. காரில் தேவா சொன்ன அதே ஆம்.

முன் வரிசையில் ஒரு மாமி கணீரென்று கேட்டாள்: “யாரு சொன்னா?”

சபா குலுங்கியது. காரியதரிசி முகம் அஷ்டகோணலாகிவிட்டது. வேண்டுமென்றே அப்படி எழுதிக்கொடுத்தேனா என்று இன்றுவரை என்னைக் கேட்கிறார்கள். ஆம் போடச் சொன்னது காரியதரிசி, போடுங்கோ என்றது டைரக்டர், ஒட்ட வைத்தது தமிழ். நான் தட்டச்சு செய்தேன், அவ்வளவுதான்.

சார் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு அடங்குவதாக இல்லை. அவர் திட்டப்போகிறார், அல்லது இறங்கிப் போகப்போகிறார் என்று பயந்தேன். அவர் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்ல கேள்வி மாமி. யாரு சொன்னா? நான் சொன்னேன்னு பேப்பர்ல சொல்றா” என்றார். மறுபடியும் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. “நான் சொன்னது ‘காரணமாக இருக்கலாம்’னுதான். அந்த லாமை எடுத்துட்டா. எனக்கும் அது நன்னாதான் இருந்தது, அதனால சும்மா இருந்துட்டேன். பொய் சொல்ல வரலை எனக்கு, பாருங்கோ, நாக்கே ஒத்துக்கலை.” கண்ணாடியாலேயே மூன்றாவது வரிசையைக் காட்டினார். “அதோ மூணாவது வரிசைல உட்கார்ந்துண்டிருக்காளே, ஷபானா, என் ஸ்டூடன்ட். அவ, கரும்பொருள் காரணம் இல்லாமலும் இருக்கலாம்கறா. அவ கணக்குல தப்புக் கண்டுபிடிக்கணும்னு நாள்கணக்கா ராத்திரி பகலா தேடிண்டிருக்கேன். ஒண்ணும் அகப்படலை.”

ஷபானா கட்டியிருந்த கையைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கைதட்டல் ஆம்முக்கு விழவில்லை, இந்த ‘அகப்படலை’க்கு விழுந்தது. பிறகும் பட்டத்தைக் கொடுக்காமல் விடவில்லை. சட்டம் போட்டு வைத்துவிட்டார்களே, என்ன செய்ய முடியும்? கருப்பொருள் கண்ட கோமான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை என் அறைக் கதவை யாரோ தட்டினார்கள்.

“ஸ்டெல்லா, உள்ளே வரலாமா?”

சார். என் அறைக்கு அவர் வந்ததே இல்லை. “வரலாம் சார்” என்றேன். அவர் ஒரு கணம் வாசலில் தயங்கிவிட்டுத்தான் நுழைந்தார். செய்த வினை. கையில் அதே நாளிதழின் அன்றைய பிரதி. கொட்டை எழுத்தில்: ‘காமா ஒளிக்குக் கரும்பொருள் காரணம் இல்லை! சென்னை விஞ்ஞானி அந்தர் பல்டி.’

“லாம் எங்கே?” என்றார். “இல்லாமலும் இருக்கலாம்னுதானே சொன்னேன்? அத்தனை பேர் சாட்சி இருக்காளே? லாம் எங்கே ஸ்டெல்லா?”

“பேப்பர்காரங்களுக்கு லாம்னா ஆகாது சார். தடுப்பூசி போட்ட மாதிரி.”

“மறுப்பு எழுதுங்கோ. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

போன முறையே போட்டிருந்தால் என்ன என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டேன். தட்டச்சு செய்ய உட்காரும்போது வாசலில் ஷபானா வந்து நின்றாள். நெஞ்சோடு அணைத்தபடி ஆய்வேடு. இரவெல்லாம் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சார் என் அறைக்குப் போனார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“சார்” என்றாள். “சமர்ப்பிக்கலாமா?”

நான் தட்டச்சை நிறுத்தினேன். அவர் வாயையே பார்த்தேன். அந்த வாய் ‘பா’ என்று குவியப்போகிறதா என்று.

“சமர்ப்பிக்கலாம்” என்றார்.

ஷபானா நகரவில்லை. அந்தக் கட்டடத்தில் அத்தனை வருஷம் இருந்தவள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

“மேடம், இது எந்த லாம்?”

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபமா வெட்கமா தெரியவில்லை. என் மேஜையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். ஆய்வேட்டை வாங்கி, பிரித்து, நின்றபடியே அழுத்திக் கையெழுத்துப் போட்டார். திருப்பி நீட்டினார்.

“சமர்ப்பி” என்றார். “போ.”

அனுமதி கேட்ட ஒருவருக்கு லாம் இல்லாத வினை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மனிதர் அதைத் திருத்தி எழுதுவதற்குள் ஷபானா மாடிப்படி இறங்கிவிட்டிருந்தாள்.